காக்காகொல்லி போட்ட பீரு

விக்டோரியா ராணி காலத்துல லண்டன்ல ஒரு பீர் கடை. அங்க ஆணியில ஒரு ஈயக் குவளை தொங்கிட்டு இருந்துச்சு. வண்டிக்காரன் சைலஸ் தினமும் அதுலதான் குடிப்பான். குவளைக்கு அவன்னா உசுரு.

ஒருநாள் கடைக்காரன் பீப்பாயில தாராளமாத் தண்ணியக் கலந்தான். அப்புறம் போதை ஏறணுமேன்னு ஏதோ கருப்பு விதையப் பொடிச்சுக் கொட்டினான். பொடிபடாத விதை ஒண்ணு மேஜையிலயே கெடந்துச்சு.

"யாருப்பா நீ, புதுசா இருக்கே?"ன்னு குவளை கேட்டுச்சு.

"காக்காகொல்லி விதை. மலபார்ல இருந்து கப்பலேறி வந்திருக்கேன். எங்க ஊர்ல என்னைக் குளத்துல கரைப்பாங்க. மீனெல்லாம் மயங்கி மிதக்கும், அள்ளிக்க வேண்டியதுதான்."

"மீனு சரி, மனுஷன் குடிச்சா?"

"அதை இவங்க யாரும் என்கிட்ட கேக்கலியே."

சாயங்காலம் சைலஸ் வந்தான். "நாக்கு வறண்டு கெடக்கு, ஊத்து மச்சான்!"

கடைக்காரன் ஊத்திக் குடுத்ததும் குவளை பதறிப்போய் அவன் கையிலேருந்து நழுவிக் கீழ குதிச்சுது. பீரு பூரா தரையில.

"பாருய்யா, எனக்கு முன்னாடி இதுக்கு ஏறிடுச்சு!"ன்னான் சைலஸ். கடையே சிரிச்சுது. கடைக்காரன் பாவம் பார்த்து மறுபடியும் தளும்பத் தளும்ப ஊத்தினான். இந்தத் தடவை சைலஸ் ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சுக்கிட்டு ஒரே மூச்சுல குடிச்சான். "ஆகா, இன்னைக்குத்தான்யா சரக்கு!"ன்னு குவளைக்கு ஒரு முத்தமும் குடுத்தான்.

கொஞ்ச நேரத்துல கை கால் வெட்டி இழுத்துச் சுருண்டு விழுந்தான். அப்புறம் அசையவே இல்ல.

"அளவு தெரியாமக் குடிச்சுட்டான்"னு பேசிக்கிட்டே தூக்கிட்டுப் போனாங்க.

"ஒரே ஒரு குவளைதான்யா குடிச்சான்!"னு குவளை கத்துச்சு. அது பேசுறது மனுஷங்களுக்கு எங்க கேக்கும்? கடைக்காரன் அதைக் கழுவி, அடுத்த ஆளுக்கு ஊத்திட்டு இருந்தான்.