வயர்லெஸ்ஸைக் காப்பாற்றியவர்

போன குடியரசு தினத்தன்று போர்த்திய சால்வையால் வால்டர் தன் ஸ்கூட்டரின் எண்ணெய்க் கறையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நல்ல ஜரிகைச் சால்வை. அதற்கு முந்தின வருஷத்துச் சால்வை அவர் வீட்டு வாசலில் கால்மிதியாகக் கிடந்தது.

கோபாலபுரத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் வெங்கடேஷுக்கு அதைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. ஆனாலும் அசடு வழியச் சிரித்துக்கொண்டே ஃபிளெக்ஸ் பேனரை விரித்துக் காட்டினார்.

"எதிரி கையில் சிக்காமல் வயர்லெஸ் கருவியை முதுகில் சுமந்து, எட்டு மைல் தன்னந்தனியாக வந்து சேர்ந்த எழுபத்தொன்றாம் ஆண்டுப் போர் வீரர்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பக்கத்தில் வால்டரின் படத்தைவிடப் பெரிதாக வெங்கடேஷின் படம், கும்பிட்ட கையோடு.

வால்டர் பட்டாளத்தில் சிக்னல்மேன். வயர்லெஸ்ஸில் வரும் செய்தியை வாங்கி அதிகாரியிடம் சேர்ப்பது அவர் வேலை.

"சுருட்டி வைப்பா அத. பார்த்தாலே குமட்டுது."

"அங்கிள், உங்க மெடல் சர்ட்டிபிகேட்ல இருக்கறதத்தான் போட்டேன். உங்க வீட்டுக்காரம்மா கிளாடிஸ் ஆன்ட்டிதான் எடுத்துக் குடுத்தாங்க."

"அதான் சொல்றேன், குமட்டுதுன்னு. இந்த வருஷம் நான் மேடையேற மாட்டேன்."

குமட்டாமல் என்ன செய்யும்? கொடியேற்றத்தின்போது பாதிப் பேர் பால்கனியில் நின்றபடி பல் துலக்குவார்கள். மீதிப் பேர் கேசரி வாங்கிய கையோடு கலைந்துவிடுவார்கள். சாயங்காலம் பிளாஸ்டிக் கொடியெல்லாம் மீந்துபோன கேசரியோடு குப்பைத்தொட்டியில் கிடக்கும்.

"இந்தத் தடவ சால்வை போடப்போறது நான் இல்ல அங்கிள்" என்ற வெங்கடேஷ், கேட் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். "வாங்கம்மா."

ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்தாள். பெயர் அன்புக்கரசி, ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில் வேலை.

"ஐயா, நான் ஜவஹரோட பொண்ணு. உங்ககூட அந்த எல்லைப் போஸ்ட்ல இருந்தாரே, அவரு. அங்க செத்துப்போன பன்னெண்டு பேர்ல எங்கப்பாவும் ஒருத்தரு. நான் அப்ப எங்கம்மா வயித்துல."

வால்டரின் கையிலிருந்து சால்வை நழுவியது. எண்ணெய்க் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

"எங்கம்மா சாவற வரைக்கும் ஒன்னே ஒன்னுதான் கேட்டுக்கினு இருந்துச்சு. 'வயர்லெஸ் இருந்திச்சே, திரும்பி வந்துடுங்கடான்னு மேல இருக்கறவங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?' அது மட்டும் எனக்குத் தெரிஞ்சாப் போதும் ஐயா. அங்க இருந்தவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் மிச்சம்."

வெங்கடேஷ் முந்திக்கொண்டார். "பெரிய ஆபீசருங்களுக்கு ஜவான் உசுரெல்லாம் ஒரு கணக்காம்மா? மேடையில இதயே பேசுங்க, எல்லாரும் அழுதுடுவாங்க. நான் வீடியோ எடுக்கச் சொல்லியிருக்கேன்."

வால்டர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்புக்கரசி அவர் பதிலுக்காகக் காத்திருந்தாள். கையில் புதுச் சால்வையை அதன் பிளாஸ்டிக் உறையோடு பிடித்திருந்தாள்.

"சொன்னாங்கம்மா... அதக் கேட்டதும் யாருகிட்டயும் சொல்லாம, நான் மட்டும் கெளம்பி வந்துட்டேன்."