மாயமான மாடிப்படி

ஆர்க்கிடெக்ட் முதன்முறையாகத் தொட்ட புது த்ரீடி சாஃப்ட்வேரில் எதையோ தட்ட, வரைந்து வைத்திருந்த வீட்டின் மாடிப்படி மாயமாகிவிட்டது. மாலையில் அந்த வீட்டின் சொந்தக்காரர் வரைபடம் பார்க்க வருகிறார்.

“இனி மாடிக்குப் பறந்துதான் போகணும்,” என்றாள் பக்கத்து மேஜையில் வரைந்துகொண்டிருந்த மனைவி. அவளும் ஆர்க்கிடெக்ட்தான்.

“சிரிப்பா இருக்கா? உனக்குப் புதுசு வராதுன்னுதானே நானும் இத்தனை வருஷமா பழைய சாஃப்ட்வேர்லயே உன்கூடக் குப்பை கொட்டுறேன்? ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் அப்படித்தானே சொல்லி வச்சிருக்கேன்?”

அவள் எட்டி மவுஸை வாங்கினாள். நாலே தட்டு. மாடிப்படி கைப்பிடியோடு திரும்பி வந்தது.

அவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். “இதெல்லாம் எப்பக் கத்துக்கிட்ட?”

“இது வந்த புதுசுலயே.”

“அப்புறம் ஏன் பழசையே கட்டிக்கிட்டு அழற?”

எப்போதும் சிரித்து மழுப்புகிறவள், இந்த முறை நேராகவே சொன்னாள்.

“நானும் புதுசுக்குப் போயிட்டா, பழசுல நீங்க தனியா இருப்பீங்களேன்னுதான்.”