பதினொரு பொய்கள்

"சிறு திருத்தம்" என்று இரண்டே சொல்லில் முடித்திருந்தான் நிரல் எழுதியவன்.

பட்டியல்காரர் உதட்டைப் பிதுக்கினார். ஆறு மாதம் உட்கார்ந்து, தசம எண்களை முழுமையாக்கும் முறையையே தலைகீழாக்கிவிட்டு, அதற்குப் பெயர் சிறு திருத்தம். இன்னும் நாலு வார்த்தை எழுதினால் விரல் தேய்ந்துவிடும் போலிருக்கிறது.

அதை அழித்தார். என்ன மாறியது, யாருடைய நிரல் உடையும், பதிலுக்கு எதைப் பயன்படுத்த வேண்டும் என்று மூன்று வரி எழுதினார்.

அந்தக் கணினி மொழியின் பன்னிரண்டாவது வெளியீடு அன்று. மாற்றங்களின் பட்டியலை முதல் வெளியீட்டிலிருந்து எழுதுகிறவர் அவர். நான்கு மணிக்குப் பக்கத்தைப் பூட்டிவிடுவார்கள். அப்புறம் அடுத்த வெளியீடு வரை ஒரு கமாவைக்கூட நகர்த்த முடியாது.

மணி மூன்றரை.

மேசை இழுப்பறையில் ஒரு நோட்டு இருந்தது. அதில் பதினொரு வரிகள். வெளியீட்டுக்கு ஒன்று.

முதல் வெளியீட்டின்போது குழுத் தலைவர் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "இதை எவன்யா படிக்கப் போறான்? சட்டுபுட்டுனு முடிங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அன்றைக்குத்தான் பட்டியல்காரர் முதல் பொய்யை எழுதினார். லீப் வருடத்தில் பிப்ரவரி முப்பதாம் தேதியைக் கொடுத்தால் இனி எச்சரிக்கை வராது என்று. யாருக்கும் அடிபடாத பொய். எவனாவது படித்திருந்தால் சிரித்துவிட்டு ஒரு கடிதம் போடுவான்.

ஒருவனும் போடவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு பட்டியலிலும் ஒன்று. நுழைத்ததை நோட்டில் குறித்துக்கொண்டு காத்திருப்பார். எதுவும் வராது. அந்த மௌனத்தில் அவருக்குக் கசப்பான ஒரு நிம்மதி. எழுதுகிறவனுக்கு எழுதத் தெரியாது. படிக்கிறவனுக்குப் படிக்கத் தெரியாது. நடுவில் அவர் ஒருவர்.

அவர் பொய் சொல்வார், தப்பு செய்யமாட்டார். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்த ஒரு ஆள் இந்தக் கட்டிடத்தில் கிடையாது என்பது அவர் முடிவு.

பன்னிரண்டாவதையும் நுழைத்துவிட்டு, நோட்டில் குறிக்குமுன் நிமிர்ந்தபோது, திரையில் ஒரு கடிதம் வந்திருந்தது. அனுப்பியவள் மருந்துக் கிடங்கு ஒன்றுக்கு நிரல் எழுதும் பெண்.

"உங்கள் பட்டியல்களை வரி விடாமல் படிக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஒரு பொய் வைக்கிறீர்கள் என்று மூன்றாவதிலேயே புரிந்துவிட்டது. பொழுது போகாதவர் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் கீழே கொடுத்திருக்கிறேன்."

ஒருத்தி படித்திருக்கிறாள்.

நோட்டை எடுத்து விரல் வைத்து ஒப்பிட்டார். பிப்ரவரி முப்பது. சரி. ஒன்றுமே இல்லாத எண் பட்டியலை வரிசைப்படுத்துவதில் இரண்டு சதவீத வேகம். சரி. பரவாயில்லை, கெட்டிக்காரிதான்.

நோட்டில் பதினொன்று. கடிதத்தில் பன்னிரண்டு.

மறுபடி எண்ணினார். ஏழாவது வெளியீட்டுக்கு நேரே இரண்டு வரிகள் இருந்தன. முதலாவது அவருடையது. இரண்டாவது: "இரு தேதிகளுக்கு இடையிலான நாட்களை எண்ணும்போது கடைசி நாளும் சேரும்."

சேராது.

பழைய குறிப்புகளைத் திறந்தார். அன்று நிரல் எழுதியவன், அவர் கிள்ளுக்கீரையாக நினைத்த அதே சிறு திருத்தக்காரன், 'சேராது' என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தான். 'சேரும்' என்பது அவர் கை.

கடிதம் முடியவில்லை.

"இந்த ஒன்றை மட்டும் எங்களால் பிடிக்க முடியவில்லை. அதை நம்பி ஒரு நாளைக் கழித்துக்கொண்டோம். கெடாத மருந்தையெல்லாம் காலாவதி என்று ஒரு நாள் முன்பே அள்ளிக் கொட்டினோம், இரண்டு வருடம். தணிக்கையில் கிடங்குப் பொறுப்பாளரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் உங்கள் பட்டியலைப் பார்த்ததுகூட இல்லை. நீங்கள் வைத்ததிலேயே திறமையானது இதுதான். பாராட்டுகள். இன்றைய பட்டியலில், அந்த வரி தவறு என்று ஒரு வரி போடுங்கள். நாளை விசாரணையில் காட்டினால் அவருக்கு வேலை திரும்பக் கிடைக்கும்."

மூன்று ஐம்பது.

அவர் பட்டியலின் அடியில் போய், 'ஏழாவது வெளியீட்டின் பட்டியலில்' என்று தட்டினார். அடுத்த சொல் 'தவறுதலாக' என்று இருக்க வேண்டும்.

கர்சர் மினுங்கிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ நாற்காலியை இழுத்தார்கள். தலைவர் படிப்பார், இந்த ஒன்றை மட்டும். சிறு திருத்தக்காரனும் படிப்பான். படித்துவிட்டுச் சிரிப்பான்.

பக்கத்தைச் சரிபார்த்துப் பூட்டும் பெண் கதவில் தலையை நீட்டினாள். "சார், மணி நாலு, பூட்டிடவா? உங்க பட்டியல்ல தப்பு தேடுறதுக்குப் பதிலா நான் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம் சார்."

அவர் மூன்று சொற்களையும் அழித்தார்.

"பூட்டும்மா."

அவள் போனாள். திரையில் பச்சை விளக்கு சிவப்பானது.

அவர் இழுப்பறையைத் துழாவி, பழைய வரிகளின் மையோடு ஒத்துப்போகும் பேனாவைத் தேடி எடுத்தார்.

நோட்டில், ஏழாவது வரிக்குக் கீழே இருந்த கொஞ்ச இடத்தில், பொடி எழுத்தில், நிதானமாக எழுதினார்:

'கடைசி நாளும் சேரும்.'