இரண்டு தட்டல்

மகன் மேசையை இரண்டு முறை தட்டினான். கிளம்புவதற்காகத் தோளில் மாட்டிய பையைக் கழற்றி வைத்துவிட்டு, அம்மா மறுபடி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பாத்தீங்களா? போகாதேங்கறான். இவனை விட்டுட்டு நான் எப்படிப் போய் ஆபரேஷனுக்குப் படுக்கறது?"

மகனுக்கு முப்பது வயது. பேச்சு வராது, சொன்னால் புரிவதும் கொஞ்சம்தான். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. இந்தத் தட்டலுக்குப் பயந்தே ஆபரேஷனை இரண்டு தடவை தள்ளிப்போட்டாயிற்று. இனியும் தள்ளினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை மகனைப் பார்த்துக்கொள்ள வேலைக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். அவளைப் பழக்குவதற்காகக் கூடவே வந்த பயிற்சியாளர், மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கேட்டுக்கோம்மா," என்றாள் அம்மா புதுப்பெண்ணிடம். "உதட்டைக் கடிச்சா பசி. காதை இழுத்தா தூக்கம். ரெண்டு தட்டு தட்டினா, அம்மா போகாதேன்னு அர்த்தம். பெத்தவளுக்குத் தெரியாதா?"

மகன் எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவள் அவள். வாயில்லாத பிள்ளைக்கும் சேர்த்துத் தானே பேசிவிடுவாள்.

பயிற்சியாளர் புதுப்பெண்ணிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "அவர் சாடை காட்டினா, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி என்ன நடந்துச்சுன்னு பாரு."

மகன் ஒரு டப்பா மூடியை மேசைமேல் சுற்றிவிட்டு, அது சுழல்வதையே பார்த்துக்கொண்டிருந்தான். புதுப்பெண் அவன் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"அண்ணா, என்ன விளையாட்டு இது? எனக்கும் சொல்லித் தாங்களேன். நாம ரெண்டு பேரும் சேந்து..."

டொக், டொக்.

"அடப் பாவமே! நான் போயிடுவேன்னு நினைச்சுட்டான்." அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இங்கதான்டா இருக்கேன் கண்ணு. எங்கயும் போகலைடா!"

டொக், டொக்.

"போதும்மா. ஆபரேஷனும் வேணாம், ஒண்ணும் வேணாம். டாக்டர்கிட்ட சொல்லிடறேன்." அம்மா போனை எடுத்தாள்.

புதுப்பெண் பயிற்சியாளரைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம்மா," என்றாள் புதுப்பெண் தயங்கித் தயங்கி. "யாருமே பேசாம கொஞ்ச நேரம் இருந்து பாப்போமா?"

அம்மாவுக்கு அது பெரிய வேலை. இருந்தாலும் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மூடி சுழலும் சத்தம் மட்டும் கேட்டது. விழுந்தது. மகன் எடுத்து மறுபடி சுற்றினான். அப்புறம் மெல்ல நகர்ந்து வந்து, அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டான். அவனாக அப்படிச் சாய்ந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"என் கண்ணு," என்றாள்.

டொக், டொக்.

அம்மா மகனின் விரல்களை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, தோள் அசையாமல் டாக்டரைப் போனில் கூப்பிட்டு, குசுகுசுவென்று சொன்னாள்.

"நாளைக்கே வரேன் டாக்டர்... இவ்வளவு நாளா இவன் போகாதேன்னு சொல்லலை, பேசாதேன்னு சொல்லியிருக்கான்!"