மாணவர்கள் போட்ட ஓட்டு

கைதட்டல் காதைப் பிளந்தது. சேரன் மட்டும் கைதட்டவில்லை. அவனுடைய இரண்டு கைகளும் முஷ்டியாக இறுகி முழங்கால் மேல் கிடந்தன.

“மாணவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த இந்த வருஷத்தின் சிறந்த ஆசிரியர், உடலியங்கியல் துறை, டாக்டர் ஸ்ரீவத்சன்!”

மேடையில் உறையைப் பிரித்துப் படித்த டீன் சுப்பராமனுக்கே முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பின்வரிசையில் அவன் பக்கத்தில் இருந்த அம்மா செண்பகம் மகனின் தொடையைக் கிள்ளினாள். “இன்னாடா இது, வேற எவன் பேரையோ சொல்றாரு? உனுக்குத்தான்னு சொல்லித்தானே என்னை இட்டுக்கினு வந்தே?”

“எனக்குத்தாம்மா வரணும்.”

“யார்றா அந்த ஆளு? எங்க கீறான்?”

“அதைத்தாம்மா நானும் கேக்கறேன்.”

புதுசாக ஆரம்பித்த மருத்துவக் கல்லூரி. ஆடிட்டோரியம் இன்னும் கட்டி முடியாததால் முதல் வருட விழாவை அடையாற்றில் ஒரு வாடகை அரங்கத்தில் வைத்திருந்தார்கள். வினாடி வினாவில் ஜெயித்தவர்கள், கபடியில் கோப்பை வாங்கியவர்கள், ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிய பேராசிரியர்கள் என்று எல்லோருக்கும் பொன்னாடை போர்த்தி முடித்து, கடைசியாக வந்த விருது இது.

ஸ்ரீவத்சனுக்கு அபிராமபுரத்தில் சொந்தக் கிளினிக். கல்லூரிக்கு அனுமதி வேண்டுமென்றால் பேராசிரியர் கணக்குக் காட்ட வேண்டுமே, அதற்காகப் பெயரை மட்டும் கொடுத்திருந்தார். இன்ஸ்பெக்‌ஷன் நாளில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து ஆபீசில் உட்காருவார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிடுவார். வகுப்பறை எந்தப் பக்கம் என்றுகூட அந்த மனுஷனுக்குத் தெரியாது.

டைம்டேபிளில் அவர் பெயர், பாடம் நடத்துவது டியூட்டர் சேரன். “சார் வர்ற வரைக்கும் நீ பார்த்துக்கப்பா” என்று டீன் சொன்னது போன வருடம். முதல் நாள் அறிமுகம், பீடிகை எதுவும் இல்லாமல் நேரே இதயத் துடிப்பில் ஆரம்பித்தவன், அதற்குப் பிறகு ஒரு வகுப்பைக்கூட விட்டதில்லை. சந்தேகம் கேட்க வரும் பிள்ளைகளுக்கு ஸ்ரீவத்சனின் அறையில், ஸ்ரீவத்சனின் நாற்காலியில் உட்கார்ந்துதான் சொல்லிக்கொடுப்பான். அவனுக்கென்று ஒரு ஸ்டூல்கூடக் கொடுக்க அவர்களுக்கு மனசு வரவில்லை.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டான். ஆனால் போன வாரம் முதல் பெஞ்சு நிஷா ஓடி வந்து, “சார், நாங்க எல்லாருமே உங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டிருக்கோம்” என்று சொன்னாளே! அதை நம்பித்தானே கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டிலிருந்து அம்மாவைப் பட்டுப்புடவை கட்ட வைத்து ஆட்டோவில் கூட்டி வந்தான்? குடும்பத்தில் முதல் டாக்டர் மேடையேறுவதை அவள் ஒரு தடவை கண்ணாரப் பார்க்க வேண்டாமா?

ஓட்டையே மாற்றிவிட்டார்கள், படுபாவிகள். சேரனுக்கு நெஞ்சு கொதித்தது.

மாணவர்கள் எல்லோரும் திரும்பிப் பின்வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விருது வாங்குகிறவர் வாசல் வழியாக வருவார் என்று நினைப்பு போலிருக்கிறது. வந்தால்தானே!

டீன் தொண்டையைச் செருமினார். “டாக்டர் ஸ்ரீவத்சன் ஒரு அவசர வேலையா வெளியூர் போயிருக்கார். அவர் சார்பா இந்த விருதை...”

மாணவர்கள் பக்கம் சலசலப்பு எழுந்தது. யாரோ சிரித்தார்கள்.

“ஏந்திரிடா!” என்றாள் செண்பகம். “வாய மூடிக்கினு குந்திக்கினு இருந்தா, நாளைக்கு நீ போட்டுக்கினு கீற கோட்டையும் உருவிக்கினு பூடுவானுங்க.”

சேரன் எழுந்தான். அவன் மேடைப் படியில் கால் வைத்ததும் விசில் பறந்தது. சண்டை பார்க்க இதுகளுக்கு எவ்வளவு ஆசை என்று அவனுக்கு இன்னும் எரிந்தது.

டீன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு பல்லைக் கடித்தார். “சேரன், கீழ இறங்குப்பா. முன்வரிசையில டிரஸ்டி உட்கார்ந்திருக்கார். உன் வேலைக்கே உலை வச்சுக்காதே.”

“வேலை போனா போவுது சார். தொண்டைத் தண்ணி வத்தக் கத்துனது நானு, பொன்னாடை அவருக்கா? இவ்ளோ அக்கிரமம் பண்ணிட்டு எப்படி சார் தூக்கம் வருது உங்களுக்கு?”

அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கிக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். இன்றைக்கு இந்தத் திருட்டுத்தனத்தை நாறடிக்காமல் இறங்குவதில்லை என்ற வெறி வந்திருந்தது.

“ஸ்டூடண்ட்ஸ்! இந்த டாக்டர் ஸ்ரீவத்சனை ஒரே ஒரு நாளாவது கிளாஸ்ல பார்த்தவங்க இருந்தா கையைத் தூக்குங்க!”

மொத்த வகுப்பும் கையைத் தூக்கியது.

சேரனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இன்டர்னல் மார்க்கைக் காட்டி மிரட்டியிருக்கிறார்கள். இத்தனை நாள் உயிரைக் கொடுத்துப் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள், கூசாமல் பொய் சொல்கிறார்கள். டீன்மேல் இருந்த கோபமெல்லாம் இப்போது அவர்கள்மேல் பாய்ந்தது.

“நிஷா! நீயுமா கையைத் தூக்கறே? எழுந்திரு!” மைக் அலறியது. “யாருக்கும் பயப்படாம சொல்லு. யார் அந்த ஸ்ரீவத்சன்? காட்டு எனக்கு, பார்க்கறேன்!”

நிஷா எழுந்தாள். டீனைப் பார்த்தாள், சேரனைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

“நீங்கதானே சார்?”