தாட்சண்யம் பார்க்காத நாய்

“சும்மா குரைக்கிற நாய் வேணாம் தம்பி. கடிக்கணும். கதவத் தள்ளிக்கிட்டு உள்ள வாரவன் காலக் கவ்விப் பிடிச்சிறணும்.”

கூண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த ஜெரோம் குழாயை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். வேடசந்தூர் சாலையில் அவன் நாய்ப் பண்ணை வைத்த நாளிலிருந்து, ‘நல்ல ஜாதி நாய் இருக்கா?’ என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். காலங்காலையில் கடியிலிருந்து ஆரம்பித்த முதல் ஆள் இந்தப் பெரியவர்தான். துவைத்துக் கட்டிய வேட்டி, மழித்த முகம், அறுபதைத் தாண்டிய உடம்பு.

“யார் வீட்டுக்குங்கய்யா?”

“எம்மக தமிழ்மதி வீட்டுக்கு. ஸ்பின்னிங் மில்லுல வேலை பாக்குறா. அவளும் ஏழு வயசுப் பிள்ளையும் மட்டுந்தான் வீட்டுல. எம்பேரு சோலைமுத்து.”

ஜெரோமுக்கு ஒரு குணம் உண்டு. பெண் கொடுப்பவர்கள் மாப்பிள்ளை வீட்டை விசாரிப்பது போல, நாய் வாங்க வருகிறவர்களைக் குடைந்து எடுத்துவிடுவான். போன கோடையில் ஒருவர் ஹஸ்கி கேட்டு வந்தார். “திண்டுக்கல் வெயில்ல நமக்கே நாக்குத் தள்ளுது. பனியில பொறந்த பிராணி உங்கள என்ன பாவம் பண்ணுச்சு?” என்று திருப்பி அனுப்பிவிட்டான். வியாபாரம் போனதில் அவனுக்கு வருத்தமில்லை. அவன் மனைவி டெய்சிக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

“வீடு எம்புட்டுப் பெருசு?”

“ஒரு ரூம்பு, ஒரு அடுப்படி. முன்னால கொஞ்சம் வாசல்.”

“மக வேலைக்குப் போற நேரம்?”

“ஷிப்டுதான் தம்பி. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. ராத்திரின்னா பிள்ளை பக்கத்து வீட்டுல படுத்துக்கிரும்.”

“அப்ப ஜெர்மன் ஷெப்பர்டு ஆகாது. தெனமும் ஓட விடணும், மில்லுல நின்னுட்டு வர்றவங்களுக்கு எங்க ஏலும்? லேப்ரடார் பிள்ளைகளோட நல்லா வெளையாடும். ஆனா திருடன் வந்தாலும் வாலாட்டி வரவேற்கும். சிப்பிப்பாறைக்குக் காடு மேடு வேணும். ஒத்த ரூம்புல அடைச்சா அதுக்குக் கிறுக்குப் பிடிச்சிரும்.”

“எதையும் குடு. கடிக்குமா, அத மட்டும் சொல்லு.”

“யாரைங்கய்யா கடிக்கணும்?”

சோலைமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “ராத்திரி ஒருத்தன் குடிச்சுப்புட்டு வாரான். கதவ உதைக்கிறான். அவ சம்பளத்தப் பிடுங்கிட்டுப் போறான். போன வாரம் பிள்ளை காதுல கெடந்த தோட்டக் கழட்டிட்டான் தம்பி. கழட்டுன வேகத்துல காது கிழிஞ்சுபோச்சு. இப்ப யாரு கதவத் தட்டுனாலும் அது கட்டிலுக்கு அடியில போயி ஒளியுது.”

சொல்லச் சொல்ல அவர் கைகள் நடுங்கின. கோபம் வராமல் என்ன செய்யும் என்று ஜெரோம் நினைத்தான். அவனுக்கும் வீட்டில் ஒரு சின்ன மகள் உண்டு.

“வர்றது மாப்பிள்ளையா?”

“சொந்தத்துல ஒருத்தன். பேரச் சொல்ல வாய் கூசுது.”

மாப்பிள்ளைதான் என்று ஜெரோம் முடிவுகட்டிவிட்டான். “போலீஸ்ல சொல்லலாமேய்யா?”

“எம்மக சொல்ல மாட்டா. விடிஞ்சதும் வந்து அழுவான். இனிமே தொட மாட்டேன்னு பிள்ளை தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுவான். இவளுக்கு மனசு இளகிரும். மறுபடி இருட்டுனதும் வந்து நிப்பான். மனுசனுக்குத் தாட்சண்யம் இருக்கு தம்பி. நாய்க்கு அது கெடையாதுல்ல?”

ஜெரோம் கடைசிக் கூண்டைத் திறந்து, செம்மண் நிறத்தில் மூஞ்சி மட்டும் கறுத்த ஒரு நாயைச் சங்கிலியோடு கூட்டி வந்தான்.

“கோம்பைப் பெட்டை. ஒரு வயசு முடிஞ்சிருச்சு. நம்ம வெயிலத் தாங்கும், வீட்டுல பொங்குற சோத்தையே திங்கும், வாசல்ல ஒரு மூலை போதும். பிள்ளைகிட்டப் பூனை மாதிரி கெடக்கும். வெளியாள் வந்தான்னா எமன்.”

நாயை ஒருமுறை பார்த்ததுமே சோலைமுத்து நாலு எட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டார். மடியிலிருந்து பணத்தை எடுத்து, ஜெரோமின் கையில் கொடுக்காமல் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் வைத்தார்.

“ஆட்டுக்குட்டிய வித்த காசு. இப்பவே எடுத்துக்க தம்பி. சாயங்காலம்னா இது எங்கிட்ட இருக்காது.”

சம்சாரி கையில் எப்போதுதான் காசு தங்கியிருக்கிறது? ஜெரோம் பாதியை அவரிடமே திருப்பிக் கொடுத்தான். டெய்சியை அப்புறம் சமாளித்துக்கொள்ளலாம்.

“மிச்சத்துக்கும் சேத்து நாய்க்குச் சோறு வாங்கிப் போடு. எங்கையில குடுக்காத” என்றார் அவர்.

“சரிங்கய்யா. இந்த நாய்ல ஒரு விசயம் இருக்கு. வீட்டு ஆளுங்க அவங்க கையால ஒரு கவளமாச்சும் ஊட்டணும். அந்த வாசனையப் பிடிச்சுக்கிட்டா சாகுற வரைக்கும் மறக்காது. உங்க மகளும் பேத்தியும் ஞாயித்துக்கிழமை வந்து ஊட்டிட்டுக் கூட்டிட்டுப் போகட்டும். நீங்க இப்பவே ஊட்டிருங்க.”

ஒரு தட்டில் சோற்றைப் பிசைந்து கொண்டுவந்து நீட்டினான். சோலைமுத்து கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“வேணாம் தம்பி.”

“பயப்படாதீங்க, நான் பிடிச்சுக்கிறேன். நீங்க ஊட்டாமப் போனா, நாளைக்கு மக வீட்டுப் படி ஏறும்போது உங்களையே கடிச்சு வச்சிருமேய்யா!”

“கடிக்கட்டும். விடாமக் கடிக்கட்டும்” என்றார் சோலைமுத்து. “குடிச்சுப்புட்டுப் போயி அந்தக் கதவ உதைக்கிறவன் நாந்தான் தம்பி.”