நல்லா உழைக்கிற இயர்போன்

"மூணும் போச்சு தம்பி." தசரதன் சட்டைப் பையிலிருந்து ஒரு ஒயர்ச் சிக்கலை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் போட்டார். மூன்று இயர்போன்கள் பின்னிக்கொண்டு கிடந்தன.

பிரசாத்துக்கு எரிச்சலும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "பாட்டுக் கேக்குறதுக்கும் ஒரு அளவு இருக்குண்ணா! நாலு மாசத்துல மூணா? காலேஜ் பசங்ககூட இப்படி அடிச்சு நொறுக்க மாட்டாங்க."

வாக்மேன் ஒழிந்து, தெருவுக்குத் தெரு செல்போன் கடை முளைத்துக்கொண்டிருந்த நேரம். செய்யாறுக்காரனான பிரசாத்தும் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை போட்டு எட்டு மாதம் ஆகிறது. இந்த ஊரில் யார் மாமன், யார் மச்சான் என்பதெல்லாம் அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் தசரதனைத் தெரியும்.

கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையில் வீடு, நாலு மாடு. காலையும் மாலையும் சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு வந்து டவுனில் வீடு வீடாகப் பால் ஊற்றுகிறவர். வெயிலோ மழையோ, காதில் ஒயர் இல்லாமல் பிரசாத் அவரைப் பார்த்ததே இல்லை. யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். 'பாட்டுப் பால்காரர்' என்று பட்டமே வைத்திருந்தான்.

"ஜாஸ்தி உழைக்கிறதா ஒண்ணு குடு தம்பி. எந்நேரமும் காதுலயே கெடக்கும். மழை, வேர்வை எல்லாம் படும். நாளைக்குப் பௌர்ணமி வேற. அன்னிக்கு மட்டும் அறுந்துடவே கூடாது."

"ஏன், போன பௌர்ணமிக்கு என்னா ஆச்சு?"

"கிரிவலம் பாதி வழியில புட்டுக்கிச்சு. மீதி தூரம் நடந்து வீடு போய்ச் சேர்றதுக்குள்ள செத்துப் பொழைச்சேன்."

பாட்டில்லாமல் ஏழு கிலோமீட்டர் நடந்ததற்கா இந்தப் புலம்பல் என்று பிரசாத் நினைத்துக்கொண்டான். ஆனாலும் மனிதரின் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. இந்த முறையாவது நல்லதாக ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும் என்று பழைய மூன்றையும் பிரித்து எடுத்து விளக்கடியில் பிடித்தான்.

காதில் வைக்கும் ரப்பர் பிய்ந்திருந்தது. ஒயர் வேர்வையில் விறைத்து வெடித்து, உள்ளே செம்புக் கம்பி பல்லிளித்தது. செல்போன் செட்டில் குத்துகிற பின் மட்டும் மூன்றிலும் பளபளவென்று இருந்தது.

"எல்லாருக்கும் மொதல்ல பின் பக்கந்தாண்ணா போவும். செட்டுல குத்தி எடுத்து, குத்தி எடுத்து ஆட்டம் கண்டுடும். உங்களுது என்னா, டப்பாவுல இருந்து இப்பதான் எடுத்த மாதிரி இருக்கு?"

"பின்னைப் பத்திக் கவலையில்ல தம்பி. மேல இருக்கிறது நின்னாப் போதும்."

பிரசாத் நாலைந்து ரகங்களை எடுத்துப் பரப்பினான். பட்டை ஒயர், உருண்டை ஒயர், நூல் சுற்றிய ஒயர். காதுக்குள்ளேயே போய் உட்காருகிற ரப்பர் வைத்த ஒன்றைத் தன் செல்போனில் மாட்டிப் பாட்டைப் போட்டு நீட்டினான்.

தசரதன் அதைக் காதில் வைத்துத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உதறினார். கேனைச் சாய்த்துப் பால் ஊற்றுவதுபோல் குனிந்து நிமிர்ந்தார்.

"பாட்டு எப்படிண்ணா கேக்குது?"

"கழண்டு விழல. நல்லாருக்கு."

"நல்ல ரசிகர்தான் போங்க! ஆமா, வீட்ல எத்தனை பசங்கண்ணா?"

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். காதில் பாட்டு ஓடும்போது நம் குரல் எங்கே விழப்போகிறது என்று பிரசாத்தும் விட்டுவிட்டான்.

சற்றுப் பொறுத்து அவரே ஒயரைக் கழற்றினார். "இதுவாவது நிக்குமா தம்பி? எங்கிட்ட எதுவும் நிக்க மாட்டேங்குது."

அந்தக் குரல் பிரசாத்தை என்னவோ செய்தது. ஒயருக்காக ஒரு மனிதர் இப்படி உடைந்து பேசி அவன் கேட்டதில்லை. ஓரமாக வைத்திருந்த ஒரு பெட்டியை எடுத்தான்.

"இதை எடுத்துக்குங்கண்ணா. இருக்கிறதுலயே கெட்டி. இழுத்தாலும் அறாது. நான் உங்ககிட்ட ஒரு பைசா லாபம் வைக்கல. ஒரு வருஷம் கேரண்டி. ஆனா உங்க செட்டுல மாட்டி ஓட்டிப் பாத்துட்டுத்தான் நான் கார்டுல சீல் போடணும். செட்டைக் குடுங்க."

"கேரண்டி வேணாம் தம்பி. அப்படியே குடு."

"அட, சும்மா வர்ற கேரண்டிய எதுக்கு விடுறீங்க? ஒரு நிமிஷம்ணா. செட்டை எடுங்க."

தசரதன் பணத்தை மேசைமேல் வைத்தார். புது இயர்போனை இரண்டு காதிலும் அழுத்திச் செருகி, ஒயரை நெஞ்சின்மேல் எல்லாருக்கும் தெரிகிறாற்போல் தொங்கவிட்டார். மறுமுனையில் இருந்த பின்னைக் காலிச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"செட்டு எங்கிட்ட இல்ல தம்பி."

பிரசாத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்புறம் எதுக்குண்ணா இது?"

சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டுத் தசரதன் சொன்னார்:

"இது காதுல இருந்தா, தீபக் கூட்டத்துல தொலைச்ச பொண்ணு கெடைச்சாளான்னு யாரும் கேக்க மாட்டாங்க."